சுவரில் முட்டும் எறும்பு

சமபக்க முக்கோணம் ஒன்றை வரையச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? வகுப்பில் படித்தது நினைவுக்கு வரும்: மூன்று பக்கங்கள், ஒவ்வொரு கோணமும் 60 பாகை. லோகோ என்ற நிரல்மொழியில், திரையில் இருக்கும் ஆமைக்கு அதையே கட்டளையாகக் கொடுக்கும். நூறு அடி முன்னே போ, 60 பாகை வலப்பக்கம் திரும்பு, இதை மூன்று தடவை செய். ஆமையும் சொன்ன பேச்சு மாறாமல் நடக்கும். ஆனால் திரையில் முக்கோணம் வந்திருக்காது. பாதி அறுகோணம் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நிற்கும். எரிச்சலோடு எழுந்து, ஆமை போன வழியில் தானே தரையில் நடந்து பார்க்கும்போதுதான் பிள்ளைக்குச் சங்கதி பிடிபடும். முனையில் நின்று திரும்பும்போது உடம்பு திரும்புவது 120 பாகை. 60 என்பது முக்கோணத்துக்கு உள்ளே இருக்கும் கோணம். நடப்பவருக்கு வேண்டியது வெளியே இருக்கும் கோணம். மூன்று முனைகளிலும் திரும்பி முடித்தால் மொத்தம் 360, ஒரு முழுச் சுற்று.

இதே பிழையை இன்றைய ஏஐ உதவியாளர் ஒன்றிடம் காட்டினால் ஒரு நொடியில் பதில் வந்துவிடும்: 60ஐ 120 ஆக மாற்றுங்கள். பதிலில் தப்பே கிடையாது. முக்கோணமும் அழகாக வந்து நிற்கும். தரையில் நடந்து பார்த்த அந்த ஐந்து நிமிடம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

பிள்ளைகளுக்குக் கோடிங் கற்றுத்தரும் விளையாட்டு ஒன்றை ஏஐ துணையோடு உருவாக்கக் கிளம்புபவர்களுக்குத் தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த உதவியாளர் பிழை நீக்குவதில் கெட்டிக்காரர். செய்ய வேண்டிய பொருளுக்கோ பிழைதான் சரக்கு.

லோகோ 1967இல் பிறந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்ற நிறுவனத்தில் வாலி ஃபொய்ர்சைக், சிந்தியா சாலமன், சேமூர் பேப்பர்ட் ஆகியோர் அதை வடிவமைத்தார்கள். பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்த கணித அறிஞர். ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ஜான் பியாஜேயுடன் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு அமெரிக்கா வந்தவர். முதல் ஆமைகள் திரைக்குள் இருக்கவில்லை. வயிற்றில் பேனாவைச் செருகிக்கொண்டு தரையில் விரித்த தாளின்மேல் ஊர்ந்து கோடு போட்ட இயந்திரங்கள் அவை. 1980இல் வந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் பேப்பர்ட் திரும்பத் திரும்ப வற்புறுத்தியது இதைத்தான்: நிரல் எழுதும் பிள்ளைக்குச் ‘சரியா, தப்பா’ என்ற கேள்வி முக்கியமில்லை, ‘இதை எப்படிச் சரிப்படுத்துவது’ என்ற கேள்விதான் முக்கியம்.

அவர் சொன்னதெல்லாம் அப்படியே நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீயும் மிடியன் குர்லண்டும் 1980களின் தொடக்கத்தில் லோகோ படித்த பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். வகுப்பறை வேலைகளை எந்த வரிசையில் செய்தால் சுருக்கமாக முடியும் என்று திட்டமிடச் சொன்னதில், ஓராண்டு லோகோ படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ‘கோடிங் படித்தால் மூளை கூர்மையாகும்’ என்று அட்டையில் அச்சிட்டு விற்கும் நிறுவனங்கள் இந்தப் பழைய ஆய்வை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

ஆமைக்குப் பின் வந்த பரம்பரை நீண்டது. ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் பாட்டிஸ் 1981இல் ‘கரேல்’ என்ற ரோபோவைக் கொண்டுவந்தார். 2007இல் எம்ஐடியின் மிட்செல் ரெஸ்னிக் குழு வெளியிட்ட ஸ்க்ராட்ச், எழுத்துப் பிழைக்கே இடமில்லாமல் கட்டளைகளை வண்ணக் கட்டைகளாக்கியது. 2008இல் லைட்பாட் விளையாட்டு வந்தது. 2013 டிசம்பரில் கோட்.ஆர்க் அமைப்பு நடத்திய முதல் ‘ஹவர் ஆஃப் கோட்’ வாரத்தில் ஆங்க்ரி பேர்ட்ஸ் பறவையைக் கட்டைகளால் ஓட்டிப் பன்றியிடம் சேர்த்தார்கள் பிள்ளைகள். 2017 டிசம்பர் 4 அன்று, பிள்ளைகளுக்கான நிரல்மொழிகளின் ஐம்பதாம் ஆண்டுக்காகக் கூகுள் தன் முகப்பிலேயே கேரட் பொறுக்கும் முயல் ஒன்றை விட்டது. ஸ்க்ராட்சைத் தவிர்த்துப் பார்த்தால், இந்த விளையாட்டுகளுக்கு எலும்புக்கூடு ஒன்றே: கட்டம் போட்ட தரை, அதில் ஒரு பிராணி, கையில் நாலைந்து கட்டளைகள், எதிரே ஓர் இலக்கு.

இதே வகையைச் சேர்ந்த, ‘பிளாக்லி கேம்ஸ்’ தொகுப்பிலுள்ள மேஸ் விளையாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது தகும். பத்தே நிலைகள்தான். முதல் இரண்டில் ‘முன்னே போ’, ‘திரும்பு’ என்று அடுக்கினால் போதும். மூன்றாவதில் பாதை நேர்கோடாக நீள்கிறது. ஆனால் இரண்டே கட்டைகள்தான் பயன்படுத்தலாம் என்று விளையாட்டு கையைக் கட்டிவிடுகிறது. ‘முன்னே போ’வைப் பல தடவை அடுக்க முடியாது. வேறு வழியில்லாமல் பிள்ளை ‘மீண்டும் செய்’ கட்டையை எடுத்தாக வேண்டும். லூப் என்றால் என்ன என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல், இல்லாமையை வைத்தே அது லூப்பைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. பத்தாவது நிலையில் சிக்கலான புதிர்ப்பாதை. இடப்பக்கச் சுவரை ஒட்டியே போ என்ற குறிப்பு மட்டும். சுவரை விடாமல் பிடித்துப் போகும் விதியை நிரலாக எழுதத் தெரிந்தவர்தான் வெளியே வருவார்.

இப்படி ஒன்றைச் செய்ய முன்பு தேர்ந்த நிரலாளர்கள் வேண்டும், மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். இப்போது நிலைமை வேறு. 2021இல் நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட்டின் முன்னோட்டம் வந்தது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. 2025 பிப்ரவரியில், நிரலைப் படிக்கக்கூடப் படிக்காமல் சொல்லிச் சொல்லியே மென்பொருள் வாங்கும் போக்குக்கு ஏஐ ஆராய்ச்சியாளர் ஆந்த்ரே கர்பாத்தி ‘வைப் கோடிங்’ என்று பெயரே வைத்துவிட்டார். ஓர் ஆசிரியர் சாயங்காலம் உட்கார்ந்து, ‘எட்டுக்கு எட்டுக் கட்டம், ஓர் எறும்பு, ஒரு சர்க்கரைக் கட்டி, முன்னே போ, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று மூன்று கட்டளைகள், பிள்ளைகள் அடுக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும்’ என்று தமிழிலேயே கேட்டால், காபி ஆறுவதற்குள் எறும்பு திரையில் ஊரும்.

இது மாயமில்லை. பெருமொழி மாதிரி எனப்படும் இந்தக் கருவி, மனிதர்கள் எழுதிக் குவித்த உரைகளையும் நிரல்களையும் படித்து, இதுவரை வந்ததற்கு அடுத்து எது வரும் என்பதை ஊகித்து ஊகித்து எழுதுகிறது. கட்டத்தில் நகரும் பிராணி என்பது நிரல் உலகில் ஆயிரம் பேர் நடந்து தேய்ந்த பாதை. ஆகவே எலும்புக்கூடு பழுதில்லாமல் வந்துவிடும். சங்கடம் மூட்டுகளில் இருக்கும்.

ஒரு மூட்டைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எறும்பின் திசையை எண்ணால் குறிப்பது வழக்கம்: வடக்கு 0, கிழக்கு 1, தெற்கு 2, மேற்கு 3. வலப்பக்கம் திரும்ப ஒன்றைக் கூட்டி, நான்கால் வகுத்து மீதியை எடுத்தால் போதும். மேற்கிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் 4, மீதி 0, வடக்கு. பிரமாதம். இடப்பக்கம் திரும்ப? ஒன்றைக் கழித்து அதே மாதிரி மீதியை எடுக்க வேண்டியதுதானே என்று தோன்றும். பைத்தான் மொழியில் அது சரியாகவே நடக்கும். கழித்தல் ஒன்றை நான்கால் வகுத்தால் மீதி 3 என்று அது சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் அதே வரியை எழுதினால் மீதி கழித்தல் 1. அப்படி ஒரு திசையே கிடையாது. வடக்கு நோக்கி நிற்கும் எறும்பு இடப்பக்கம் திரும்பிய அந்தக் கணத்தில் காணாமல் போகும், அல்லது உறைந்து நிற்கும். மற்ற மூன்று திசைகளில் நிற்கும்போது எந்தக் கோளாறும் தெரியாது என்பதுதான் இதன் விஷமம். ஒன்றைக் கழிப்பதற்குப் பதிலாக மூன்றைக் கூட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

நல்ல மாதிரிகள் பெரும்பாலும் இதைச் சரியாகவே எழுதிவிடும். ஆனால் பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல் இருக்கும் ஒரு வரி, இரண்டிலும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும் இடங்களில்தான் ஊகித்து எழுதும் கருவி வழுக்கும். திரையின் உயர அச்சும் இப்படித்தான். பள்ளி வரைபடத் தாளில் மேலே போகப் போக எண் கூடும். உலாவியின் வரைதளத்தில் கீழே போகப் போகக் கூடும். ஸ்க்ராட்ச் மேடையிலோ பள்ளித்தாள் மாதிரியே, நடுவில் சுழியம், மேலே கூடும். ‘வடக்கே ஓர் அடி’ என்றால் கூட்டுவதா கழிப்பதா என்பதில் இரண்டு மரபுகளும் கலந்து வந்தால், எறும்பு வடக்கே போகச் சொன்னால் தெற்கே போகும்.

திரும்புவதில் வரும் பிழையைப் பிடிக்க நிரலை வரிவரியாகப் படிக்க வேண்டியதில்லை. நான்கு திசையில் எதில் நின்றாலும், நாலு தடவை இடப்பக்கம் திரும்பினால் பழைய திசைக்கே வர வேண்டும். இடப்பக்கம் ஒரு தடவையும் வலப்பக்கம் ஒரு தடவையும் திரும்பினால் எதுவும் மாறியிருக்கக் கூடாது. இந்த இரண்டு வாக்கியங்களைக் கொடுத்துச் சோதனை நிரல் எழுதச் சொன்னால் உதவியாளரே எழுதிவிடும். வாக்கியங்கள் மட்டும் ஆசிரியரிடமிருந்து வர வேண்டும். ‘நீயே எழுதியதற்கு நீயே சோதனையும் எழுது’ என்று மொட்டையாக விட்டால், நிரல் இப்போது என்ன செய்கிறதோ அதையே சரியென்று சான்றளிக்கும் சோதனை வந்து சேரும் அபாயம் உண்டு.

அடுத்தது முடியாத ஓட்டம். ‘சர்க்கரை கிடைக்கும்வரை மீண்டும் செய்’ என்ற கட்டைக்குள் பிள்ளை ‘இடப்பக்கம் திரும்பு’ என்பதை மட்டும் வைத்துவிடுகிறது என்று வையுங்கள். எறும்பு நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவசரமாக எழுதப்பட்ட நிரல் என்றால் உலாவியே உறைந்துபோகும்; பிள்ளை அடுக்கி வைத்தது அத்தனையும் போச்சு. ஒரு நிரல் எப்போதாவது நிற்குமா நிற்காதா என்பதை எல்லா நிரல்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிடும் வழி கிடையாது என்று ஆலன் டூரிங் 1936இலேயே நிறுவிவிட்டார். அதனால் பிளாக்லியில் இதற்கென்றே ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். அடிகள் ஒரு வரம்பைத் தாண்டினால் ஓட்டத்தை வெட்டிவிடலாம். ஏஐ உதவியாளரிடம் கேட்டாலும் பொதுவாக இந்த யோசனைதான் வரும்: ஆயிரம் அடிக்கு மேல் போனால் நிறுத்தி, ‘நிரல் மிக நீளமாக ஓடுகிறது’ என்று ஒரு செய்தி.

பிள்ளைக்கு அந்தச் செய்தியால் ஒரு புண்ணியமும் இல்லை. நீளம் தப்பு என்று நினைத்துக்கொண்டு கட்டையைக் குறைக்கும். இங்கேதான் விளையாட்டை ஆக்குபவர் டூரிங்கை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, எறும்பின் உலகம் எவ்வளவு சின்னது என்று பார்க்க வேண்டும். எட்டுக்கு எட்டு, 64 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு திசைகள். மொத்தமே 256 நிலைகள். மாறிகள் எதுவும் இல்லாத இந்தக் குட்டி மொழியில், எறும்பு அதே கட்டத்தில், அதே திசையில், நிரலின் அதே இடத்துக்குத் திரும்ப வந்துவிட்டால் அதன் தலைவிதி எழுதி முடிந்தது. இனி எத்தனை காலம் ஓடினாலும் அதே சுற்றுதான். ஆகவே நிற்குமா நிற்காதா என்பதை இந்த விளையாட்டுக்குள் உறுதியாகவே சொல்லிவிடலாம். ‘எறும்பு நாலு அடிக்கு முன்பு இதே இடத்தில், இதே பக்கம் பார்த்துக்கொண்டுதான் நின்றது’ என்று அந்தக் கட்டத்தை ஒளிரச் செய்துவிட்டால், பிள்ளைக்குப் பிழை கண்ணால் தெரியும். உதவியாளர் இதை எழுதித்தர மறுக்காது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

புதிர்க் கட்டங்களை வடிவமைக்கும் வேலையில் உதவியாளரின் பலவீனம் இன்னும் பளிச்சென்று தெரியும். ‘பத்து நிலைகள் போட்டுக் கொடு’ என்றால் போட்டுக் கொடுக்கும். அதில் ஒன்றிரண்டில் சர்க்கரையைச் சுற்றி நாலு பக்கமும் சுவர் இருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. எழுத்தை எழுத்தாக அடுக்கும் கருவிக்கு, மேல்வரியும் கீழ்வரியும் சேர்ந்து உண்டாக்கும் பாதை எப்போதும் கண்ணில் படுவதில்லை. இதற்கான மருந்து பழையது. எட்வர்ட் மூர் 1959இல் வெளியிட்ட, புதிர்ப்பாதையில் மிகக் குறுகிய வழி காணும் முறை. தொடங்கும் கட்டத்தில் தண்ணீரை ஊற்றினால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவுவதுபோல, ஓர் அடியில் எட்டக்கூடிய கட்டங்கள், பின்பு இரண்டு அடியில் எட்டக்கூடியவை என்று விரித்துக்கொண்டே போவது. சர்க்கரைக் கட்டத்தைத் தொட்டால் வழி உண்டு. தொடாமலே பரவி முடிந்தால் அந்த நிலையைக் குப்பையில் போடலாம். எறும்பின் 256 நிலைகளைத் துழாவக் கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட வேண்டாம். மூன்று சர்க்கரைக் கட்டிகளைப் பொறுக்க வேண்டும் என்று வைத்தாலும் எது பொறுக்கியாயிற்று, எது பாக்கி என்பதையும் சேர்த்து 2,048 நிலைகளுக்குமேல் போகாது.

வழி இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. கடைசி நிலையில், பிளாக்லியைப் போலவே, சுவரைப் பிடித்துப் போகும் விதியைப் பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும் என்பது திட்டம் என்று வைத்துக்கொள்வோம். உதவியாளர் போட்டுக்கொடுத்த புதிர்ப்பாதையில் சர்க்கரை, வெளிச்சுவரோடு ஒட்டாமல் நடுவில் தீவாக நிற்கும் ஒரு சுவரின் ஓரத்தில் இருக்கிறது. மூரின் முறை ‘வழி உண்டு’ என்று தலையாட்டும். ஆனால் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு போகும் எறும்பு அந்தத் தீவைத் தொடவே தொடாது. ஓரத்தையே சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கு வந்துவிடும். பிள்ளை எழுதிய நிரல் சரி. பாடம் சரி. வழியும் இருக்கிறது. ஆனாலும் தோல்வி. மேலே சொன்ன எந்தச் சோதனைக்கும் சிக்காத இந்த அநியாயத்தைத் தடுக்க ஒரே வழி, ஒவ்வொரு நிலைக்கும் ஆசிரியர் மனதில் வைத்திருக்கும் தீர்வையும் எழுதிவைத்து, அதையும் ஓட்டிப் பார்ப்பது.

நிலைகளின் ஏறுமுகம் பற்றியும் ஒரு வார்த்தை. கடினமாக்கு என்று சொன்னால் உதவியாளர் வழக்கமாகக் கட்டத்தைப் பெரிதாக்கும், சுவர்களைக் கூட்டும். அதனால் பிள்ளை கூடுதலாக எண்ணும், கூடுதலாக யோசிக்காது. பிளாக்லியின் மூன்றாவது நிலை இரண்டாவதைவிடப் பெரிய புதிரே இல்லை. கட்டைகளின் எண்ணிக்கையில்தான் கடிவாளம் இருக்கிறது. அந்தக் கடிவாளத்தை எங்கே இழுப்பது என்று கண்டுபிடிக்கக் கணினியை உபயோகிக்கலாம். மூன்று கட்டளைகளில் பத்து நீள அடுக்குகள் 59,049தான். அத்தனையையும் ஓட்டிப் பார்த்து, இந்தப் புதிருக்கு மிகச் சிறிய தீர்வு எத்தனை கட்டை என்று சொல்லிவிடும். லூப் சேர்த்தால் அது எவ்வளவு சுருங்குகிறது என்பதையும் அதே மாதிரி கணக்கிடலாம். வித்தியாசம் பெரிதாக உள்ள புதிர்கள்தான் லூப்பைக் கற்பிக்க ஏற்றவை. இந்த மாதிரிச் சலித்தெடுக்கும் வேலையை உதவியாளரிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். அதற்கு அலுப்பே கிடையாது.

இனி, விளையாட்டுக்கு உள்ளேயே ஏஐயை வைக்கலாமா என்ற கேள்வி. பிள்ளை தடுமாறும்போது குறிப்புக் கொடுக்கும் ஒரு பேசும் எறும்பு. கேட்கவே கவர்ச்சியாக இருக்கும்.

மேலே சொன்ன ராய் பீ 1986இல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே நினைவுக்கு வரவேண்டும். நிரல் கற்கத் தொடங்குபவர்கள் செய்யும் பல பிழைகளுக்கு அடியில் ஒரே பெரிய பிழை இருக்கிறது என்றார் அவர்: கணினிக்குள் எங்கோ ஒரு மனம் ஒளிந்திருக்கிறது, நான் என்ன நினைத்து எழுதினேன் என்பதை அது புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கை. அதற்கு அவர் வைத்த பெயர் ‘சூப்பர்பக்’. கோடிங் விளையாட்டுகள் எல்லாம் அடிப்படையில் அந்த நம்பிக்கையை உடைக்கத்தான் இருக்கின்றன. எறும்புக்கு உங்கள் மனசு தெரியாது; நீங்கள் சொன்னது மட்டும்தான் தெரியும். சுவர் இருந்தாலும் முன்னே போகச் சொன்னால் போய் முட்டும். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, நாம் நினைத்ததைப் புரிந்துகொள்வதுபோலவே பேசும் ஒரு கருவி நிஜமாகவே வந்து கணினிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதே திரையில் ஒரு பக்கம் முட்டிக்கொள்ளும் எறும்பையும் இன்னொரு பக்கம் எல்லாம் அறிந்த எறும்பையும் வைத்தால் பிள்ளை எதை நம்பும்?

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனை இதற்குப் பாதி பதில் சொல்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹம்சா பஸ்தானியும் சகாக்களும் செய்த ஆய்வு; பாடம் கணிதம். ஒரு பிரிவுக்குச் சாட்ஜிபிடி போன்ற சாதாரண உதவியாளர்; இன்னொன்றுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி கட்டுப்படுத்தப்பட்ட உதவியாளர்; மூன்றாவதுக்கு வெறும் புத்தகம். பயிற்சியின்போது முதல் பிரிவின் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது, இரண்டாவதினுடையது 127 சதவீதம். பின்பு கருவியைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண உதவியாளரோடு பயிற்சி செய்தவர்கள், புத்தகத்தோடு மட்டும் இருந்தவர்களைவிட 17 சதவீதம் கீழே போனார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஆனால் பயிற்சியில் கண்ட பாய்ச்சலும் தேர்வில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஹார்வர்டின் புகழ்பெற்ற சிஎஸ்50 பாடத்தில் டேவிட் மாலன் குழு 2023இல் இறக்கிய ‘வாத்து’ இந்த இரண்டாவது வகை. பிழையை ரப்பர் வாத்து பொம்மையிடம் வாய்விட்டு விளக்கினாலே பாதி தெளிந்துவிடும் என்பது நிரலாளர்களின் பழைய நம்பிக்கை; அந்த வாத்துக்கு வாய் வைத்தார்கள், ஆனால் விடையைக் கக்காதபடி கட்டுப்பாடும் வைத்தார்கள். அவர்களுடைய மாணவர்கள் கல்லூரி வயதுக்காரர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பேசும் எறும்பு வேண்டுமா என்பதில் சந்தேகம் வலுக்கவே செய்கிறது. அந்த வயதில், எறும்பு முட்டிய இடத்திலேயே நிற்பதைவிட நல்ல குறிப்பு எதுவும் இல்லை.

அதையும் கெடுக்கும்படி, விளையாட்டை எழுதித்தரும் உதவியாளர் ஒரு காரியம் செய்யும். ஓட்டம் தோற்றால் ‘அச்சச்சோ! மீண்டும் முயற்சி செய்’ என்று ஒரு பெட்டியைக் காட்டி, எறும்பைத் தொடக்க இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிடும். பார்க்க நாகரிகமாக இருக்கும். ஆனால் தடயம் அழிந்துவிட்டது. எறும்பு முட்டிய கட்டத்திலேயே நிற்கட்டும், அது நடந்து வந்த தடம் மங்கலாகத் தெரியட்டும், அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த கட்டை மட்டும் நிறம் மாறி நிற்கட்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

தமிழில் செய்தால் கூடுதலாக ஒரு பொறி காத்திருக்கிறது. எறும்பு பேசும் வசனத்தை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சுபோல் காட்டச் சொன்னால், ‘கோடு’ என்ற இரண்டெழுத்துச் சொல் நான்கு தவணையில் வரும்: முதலில் க, பிறகு கோ, பிறகு கோட, பிறகு கோடு. யூனிகோடில் உயிர்க்குறிகள் தனிக் குறியீடுகளாக இருப்பதால் ஜாவாஸ்கிரிப்ட் அந்தச் சொல்லின் நீளம் 4 என்றுதான் எண்ணும். பார்க்கும் எழுத்தை எழுத்தாகவே பிரிக்கும் வசதி இன்றைய உலாவிகளில் இருக்கிறது. உதவியாளரிடம் அதைப் பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் ஆங்கிலத்துக்குப் போதுமான வழியிலேயே எழுதிவிடும். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழி, திறமூலமாக, பைத்தானின் மேல் கட்டப்பட்டது. அதில் நிபந்தனையை முதலில் சொல்லி ‘ஆனால்’ என்பதைப் பின்னால் வைக்கலாம். எறும்பு விளையாட்டில் கட்டைகளைத் தாண்டி எழுத்துக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு அடுத்த படியாக அதைக் காட்டலாம்.

உதவியாளரால் வேலை சுருங்குகிறதா? 2025இல் மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு, தங்கள் திறமூலத் திட்டங்களில் பழுத்த 16 நிரலாளர்களுக்கு 246 வேலைகளைப் பிரித்துக் கொடுத்தது; சிலவற்றை ஏஐயோடு, சிலவற்றை இல்லாமல். ஏஐயோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், வேலை முடிந்த பின்னும் அவர்கள் தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே நம்பினார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்துக் கருவிகள், பழகிய பெரிய நிரல்தொகுப்புகள் என்ற எல்லைக்குள் சொன்ன முடிவு அது. நிரலே தெரியாத ஆசிரியர் புதிதாக எறும்பு விளையாட்டு செய்வது வேறு கதை. அவருக்கு உதவியாளர் இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை. ஆனால் ‘வேகமாகப் போகிறோம்’ என்ற உணர்ச்சியை நம்பக் கூடாது என்ற பாடம் இருவருக்கும் பொது.

ஆசிரியருக்குப் பதில் பிள்ளைகளே விளையாட்டைச் செய்தால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். பாஸ்டனில் ஹெனிகன் பள்ளியின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம், தங்களைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னங்களைக் கற்றுத்தரும் மென்பொருளை லோகோவில் செய்யச் சொன்னார் இடித் ஹாரெல். பேப்பர்ட்டின் மாணவி அவர். 1991இல் நூலாக வந்த அந்த ஆய்வில், செய்துகொடுத்த பிள்ளைகள் பின்னத்திலும் லோகோவிலும் மற்ற வகுப்புகளை மிஞ்சினார்கள். யாஸ்மின் கஃபாய் அதையே வீடியோ கேமாக்கினார். அவருடைய நூல் 1995இல் வந்தது. விளையாடுபவர் தப்பான விடை சொன்னால் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்க வேண்டியிருந்தது. பையன்கள் செய்த பல விளையாட்டுகளில் தப்பு செய்தவருக்கு உதை விழுந்தது, வன்முறையான முடிவு வந்தது. பெண்பிள்ளைகள் செய்தவற்றில் அப்படி அதிகம் இல்லை. தப்புக்கு என்ன விளைவு என்பதை இரு தரப்புமே யோசித்துத்தான் வைத்தார்கள்.

எறும்பு விளையாட்டிலும் அந்தக் கதவைத் திறந்து வைக்க முடியும். நிலைகளை நிரலுக்குள் புதைக்காமல் தனி உரைக்கோப்பாக வைக்கும்படி உதவியாளரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: எட்டு வரி, வரிக்கு எட்டுக் குறி, சுவருக்கு ஒன்று, காலி இடத்துக்கு ஒன்று, எறும்புக்கும் சர்க்கரைக்கும் ஒவ்வொன்று. கீழே இரண்டு வரி கூடுதலாக. ஒன்றில் எத்தனை கட்டைகள் அனுமதி என்ற எண். இன்னொன்றில், விளையாடுபவர் எந்தத் தப்பைச் செய்வார் என்று அந்த நிலையைச் செய்த பிள்ளை எதிர்பார்க்கிறது என்பது. நோட்பேட் இருந்தால் போதும், ஆறாம் வகுப்பு மாணவி தன் புதிரைத் தானே போட்டுவிடுவாள். புதிருக்கு வழி உண்டா, கட்டை எண்ணிக்கை போதுமா என்பதை மூரின் முறையும் சலித்தெடுக்கும் நிரலும் உடனே சொல்லிவிடும். அவள் எதிர்பார்த்த தப்பைத்தான் நான்காம் வகுப்புத் தம்பி செய்கிறானா என்பதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். தோற்ற ஓட்டங்களைச் சேமித்துவைத்தால் பின்னால் பார்க்க வசதி. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்பதால், பெயர் வயது எதையும் கேட்காமல் அந்தக் கணினியிலேயே வைத்துக்கொள்வது உத்தமம்.